தலைவர் கையில் வேல், நெற்றியில் திருநீறு: செய்தியை எழுதுவது எப்படி?

தமிழ் நாளிதழ் ஒன்றின் திருச்சிப் பதிப்பில் பல ஆண்டுகள் இரவு டெஸ்க் (வந்த செய்தியைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கும் வேலை) பார்த்தவள் நான். இப்போது ஓய்வு. இதழியல் படிக்கும் பிள்ளைகளும் யூடியூப் சேனல்களில் புதிதாகச் சேர்ந்தவர்களும் சந்தேகம் கேட்டு வருகிறார்கள். அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: தலைவர் கோயிலுக்குப் போகிறார், வேலைத் தூக்குகிறார், நோன்புக் கஞ்சி குடிக்கிறார், பைபிளோடு நிற்கிறார். இதைப் பரவசமாகவும் எழுதாமல், நக்கலாகவும் எழுதாமல் எப்படி எழுதுவது?

நான் சொல்லும் விதி ஒன்றே ஒன்று. என்ன நடந்தது என்பதை நீங்கள் எழுதலாம். அதற்கு என்ன அர்த்தம் என்பதை, அந்த அர்த்தத்தைச் சொன்னவர் பெயரைப் போட்டுத்தான் எழுத வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ராத்திரி பதினொன்றரைக்குப் பக்கத்தை மூடச் சொல்லி அச்சுக்கூடத்திலிருந்து கத்தும்போது முதலில் பறப்பது இந்த விதிதான்.

காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து பகுதி நேர நிருபர் ஒருவர் அனுப்பிய காப்பி (திருத்தாத செய்தி) இப்படி இருந்தது: "அமைச்சர் மனமுருக சாமி தரிசனம் செய்தார். அவருக்குப் பூரண கும்ப மரியாதை அளிக்கப்பட்டது. அம்மன் அருள் அவருக்கு முழுமையாகக் கிடைத்திருப்பதாக பக்தர்கள் பரவசத்துடன் தெரிவித்தனர்." போன் போட்டேன்.

"தம்பி, மனசு உருகுனத நீ பாத்தியா?"

"கண்ண மூடி நின்னாருக்கா."

"அப்ப அதையே எழுது. எவ்வளவு நேரம் நின்னாரு?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"பக்தர்கள்னு போட்டிருக்கியே, யாரு சொன்னது?"

கொஞ்சம் தயங்கினான். "ஒன்றியச் செயலாளர்தாங்க்கா."

"சரி, கும்பிட்டுட்டு எங்க போனாரு?"

"பக்கத்துல மண்டபத்துக்கு. வேட்பாளர் அறிமுகக் கூட்டம்."

அச்சில் வந்தது இதுதான்: அமைச்சர் காலை 7 மணிக்குக் கோயிலுக்கு வந்தார். கோயில் நிர்வாகம் பூரண கும்ப மரியாதை கொடுத்தது. சன்னதியில் இரண்டு நிமிடம் கண்மூடி நின்றார். கட்சியின் ஒன்றியச் செயலாளர் உடன் இருந்தார். அங்கிருந்து நேராக அருகில் உள்ள மண்டபத்தில் நடந்த வேட்பாளர் அறிமுகக் கூட்டத்துக்குச் சென்றார். அந்தக் கடைசி வரியில்தான் செய்தி இருக்கிறது. முதல் காப்பியில் அது இல்லவே இல்லை. அருளும் பரவசமும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அதனால் களத்தில் இருக்கும்போது கருவறைக்கு முன்னால் நடப்பதைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தலைவர் எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போனார், கார் யாருடையது, கூட வந்தவர்கள் யார், கோயில் நடை வழக்கமான நேரத்தில்தான் திறந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதும் நிதானம் வேண்டும். ஒருவர் வேலைப் பெற்றுக்கொண்டார், ஏந்தினார், உயர்த்திக் காட்டினார், வேலோடு ஊர்வலம் போனார் என்பவை எல்லாம் ஒன்றல்ல. உங்களுக்குப் பிடித்த கட்சிக்காரர் 'பக்தியோடு ஏந்தினார்' என்றும், பிடிக்காதவர் 'வேலைத் தூக்கினார்' என்றும் எழுதத் தோன்றும். ஒருவருக்குப் போட்ட சொல்லை மற்றவர் பெயரோடு வைத்துப் படித்துப் பாருங்கள். உறுத்தினால் மாற்றுங்கள்.

வரிசையைக் காட்டுங்கள்

ஒரு படத்தை மட்டும் பார்த்தால் எந்தச் சின்னமும் அப்பாவியாகத்தான் தெரியும். தேதிகளை வரிசையாக அடுக்கினால் அரசியல் தானாகத் தெரியும். வேல் என்ற சின்னத்தையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜூலையில் கந்த சஷ்டி கவசம் பற்றி ஒரு யூடியூப் சேனல் வெளியிட்ட வீடியோவால் பெரிய சர்ச்சை. அதே ஆண்டு நவம்பர் 6-இல் தமிழக பாஜக தலைவராக இருந்த எல். முருகன் திருத்தணியில் வேல் யாத்திரையைத் தொடங்கினார். கொரோனாவைக் காரணம் காட்டி அரசு அனுமதி மறுத்திருந்தது, அவர் கைது செய்யப்பட்டார். 2021 ஜனவரியில் அதிமுக அரசின் முதல்வர் எடப்பாடி பழனிசாமி தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை அறிவித்தார். அதே மாதம், அதே திருத்தணிப் பகுதியில் நடந்த கூட்டத்தில் மு.க. ஸ்டாலினுக்கு வெள்ளி வேல் கொடுத்தார்கள். அவர் கையில் வேலோடு நிற்கும் படம் ஊரெல்லாம் சுற்றியது. ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். 2024 ஆகஸ்டில் திமுக அரசின் அறநிலையத் துறை பழனியில் முத்தமிழ் முருகன் மாநாடு நடத்தியது. 2025 ஜூனில் மதுரையில் இந்து முன்னணி முருக பக்தர்கள் மாநாட்டை நடத்தியது.

இதில் எந்தக் கட்சியையும் திட்ட ஒரு சொல் தேவைப்படவில்லை பாருங்கள். மூன்று கட்சிகளும் உள்ளே இருக்கின்றன. செய்தியின் அடியில் பின்னணி என்று இப்படி ஐந்தாறு வரி போட்டால் போதும், மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும், அல்லது போனில் ஒரு கோப்பு. தேதி, இடம், சின்னம், தலைவர், அடுத்த தேர்தல் எப்போது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வையுங்கள். செய்தி வரும் ராத்திரியில் தேட ஆரம்பித்தால் கிடைக்காது.

பின்னணி எழுதும்போது ஒரு சபலம் வரும்: உங்களுக்குச் சாதகமான இடத்திலிருந்து வரிசையைத் தொடங்குவது. ஸ்டாலின் படத்தில் தொடங்கினால் 'திமுகவின் திடீர் பக்தி' என்று ஆகும். யாத்திரையில் தொடங்கினால் 'பாஜக வைத்த பொறி' என்று ஆகும். வரிசையை ஏன் அந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும்.

செங்கோலை வைத்து ஒரு பயிற்சி

இந்த விஷயத்தில் ஒரே ஒரு பாடம் எடுக்கச் சொன்னால் செங்கோலைத்தான் எடுப்பேன். அதில் எல்லாம் இருக்கிறது: ஆதீனம், பிரதமர், பழைய பத்திரிகை, அரசு வெளியீடு, எதிர்க்கட்சி மறுப்பு, எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவாவடுதுறை.

2023 மே 24-இல் உள்துறை அமைச்சர் அமித் ஷா செய்தியாளர் கூட்டத்தில் சொன்ன கதை சுருக்கமாக இது. அதிகாரம் கைமாறுவதை எப்படி அடையாளப்படுத்தலாம் என்று மவுண்ட்பேட்டன் நேருவைக் கேட்டார். நேரு ராஜாஜியைக் கேட்டார். ராஜாஜி திருவாவடுதுறை ஆதீனத்தை அணுகினார். சென்னை உம்மிடி நகைக்கடையில் செங்கோல் செய்யப்பட்டது. 1947 ஆகஸ்ட் 14 இரவு அது மவுண்ட்பேட்டன் வழியாக நேரு கைக்கு வந்தது. அந்தச் செங்கோல் பிற்காலத்தில் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. அதை எடுத்து வந்து மே 28-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்போகிறோம் என்றார்.

டெஸ்க்கில் இருப்பவருக்கு இந்த இடத்தில்தான் வேலை. ஒரே பத்தியில் வந்த கதையைப் பிரித்துப் போட வேண்டும். எது அந்தக் காலத்து ஆவணத்தில் இருக்கிறது, எது பிற்காலத்தில் சொல்லப்பட்டது, எது இன்றைக்குச் சொல்லப்படுகிறது?

திருவாவடுதுறையிலிருந்து போனவர்கள் ஆகஸ்ட் 14 அன்று நேருவின் யார்க் சாலை வீட்டுக்கு நாகஸ்வரத்தோடு வந்தது, அவருக்குத் திருநீறு பூசியது, பட்டு போர்த்தியது, தங்கக் கோலைக் கொடுத்தது ஆகிய செய்திகள் 1947 ஆகஸ்ட் 25 தேதியிட்ட டைம் இதழில் வந்திருக்கின்றன. அண்ணா அதே மாதம் திராவிட நாடு இதழில் இந்தச் செங்கோலைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். ஆதீனம் கொடுத்த கோலை ஒரு எச்சரிக்கையோடு பார்க்கச் சொன்ன கட்டுரை அது. ஆக, நேரு கையில் செங்கோல் வந்தது நடந்த விஷயம். அதை 'கட்டுக்கதை' என்று தூக்கிப் போட்டவர்கள் தவறாக எழுதினார்கள்.

மவுண்ட்பேட்டன் பகுதி வேறு. அவர் ஆகஸ்ட் 14 காலை கராச்சியில் இருந்தார், பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் பேசிவிட்டு டெல்லி திரும்பினார். அவரும் ராஜாஜியும் நேருவும் இதை அதிகார மாற்றத்தின் சின்னம் என்று சொன்னதற்கு ஆவணச் சான்று இல்லை என்று காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ் மே 26-இல் சொன்னார். அதனால் மவுண்ட்பேட்டன் வரியை 'என்று மத்திய அரசு கூறுகிறது' என்ற சொற்கள் இல்லாமல் எழுதக்கூடாது. அதற்கு அடுத்த வரியிலேயே மறுப்பு வர வேண்டும். பன்னிரண்டாவது பத்தியில் ஒளித்து வைத்தால் அதை மறுப்பு என்று சொல்ல முடியாது.

'அதிகார மாற்றத்தின் சின்னம்' என்ற தொடரை அன்றைக்கு எத்தனை தலைப்புகளில் மேற்கோள் குறி இல்லாமல் பார்த்தேன் என்று சொல்லி முடியாது. அது தகவல் இல்லை, உரிமைகோரல். 'நேருவுக்கு 1947-இல் ஆதீனம் கொடுத்த செங்கோல்' என்றால் யாரும் மறுக்க முடியாத தகவல். இரண்டாவது கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் தலைப்பில் தாராளமாக உட்காரும்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். 1947-இல் ஆதீனகர்த்தராக இருந்தவர் பெயரும் அம்பலவாண தேசிகர், 2023-இல் இருந்தவர் பெயரும் அம்பலவாண தேசிகர். பட்டப்பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது மடத்து வழக்கம். எத்தனையாவது குருமகா சன்னிதானம் (மடத்தின் தலைவர்) என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால், எழுபத்தைந்து வருஷம் முன்னால் கொடுத்தவரே வந்து மறுபடி கொடுத்த மாதிரி வாசகர் குழம்புவார். ஊரும் அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லா, இன்றைக்கு மயிலாடுதுறை மாவட்டம்.

2023 மே 28 நிகழ்ச்சியில் ஓதுவார்கள் பாடியது சம்பந்தரின் கோளறு பதிகம். கடைசி வரியை எடுத்துப் போடுகிறவர்கள் 'அரசாள்வர் ஆணை நமதே' என்று மட்டும் போடாதீர்கள். பாட்டில் 'அடியார்கள் வானில் அரசாள்வர்' என்று இருக்கிறது. 'வானில்' விழுந்துவிட்டால் டெல்லியைப் பற்றிய பாட்டாகிவிடும். பாட்டை மேற்கோள் காட்டும்போது வரியை முழுதாகப் பாருங்கள், மடத்துக்காரர் ஒருவரிடம் கேட்டாலும் நிமிடத்தில் சொல்வார்.

மே 28 அன்று நடந்தவற்றில் எதைப் படமாகப் போடுவது? பிரதமர் மோடி செங்கோலுக்கு முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கியது, ஆதீனகர்த்தர்கள் சூழ அதை எடுத்துச் சென்றது, மக்களவையில் சபாநாயகர் இருக்கைக்கு அருகே வைத்தது எல்லாம் நிச்சயம் முதல் பக்கம்தான். ஆனால் அன்றைக்கே சர்வ மதப் பிரார்த்தனையும் நடந்தது. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு திறந்து வைக்கவில்லை என்பதைக் கண்டித்து 19 எதிர்க்கட்சிகள் கூட்டாகப் புறக்கணிப்பு அறிவித்திருந்தன. புதிய கட்டடத்தை நோக்கிப் பேரணி போன மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகத், சாக்‌ஷி மாலிக் உள்ளிட்டோரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சில பத்திரிகைகளில் செங்கோல் மட்டும் இருந்தது. சிலவற்றில் மல்யுத்தம் மட்டும் இருந்தது. சர்வ மதப் பிரார்த்தனை இரண்டு தரப்புக்குமே இடைஞ்சல் போல, அது உள்பக்கத்துக்குப் போயிற்று. நான் பக்கம் போட்டிருந்தால் செங்கோல் படம் மேலே நாலு காலம் (column) அகலத்தில், அதன் கீழேயே கைதுப் படம் மூன்று காலம், பிரார்த்தனைக்கு முதல் பத்தியில் ஒரு வரி.

படத்தை எடுத்தது யார்?

தியானப் படம் வந்தால் நான் முதலில் கேட்பது இது. 2019 மே 18-இல் கேதார்நாத் குகையில் மோடி அமர்ந்த படம் வந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு, வாரணாசியும் அதில் உண்டு. 2024 மே 30 மாலை பிரசாரம் முடிந்ததும் கன்னியாகுமரி விவேகானந்தர் பாறைக்கு வந்து ஜூன் 1 வரை தியானம் செய்தார். ஜூன் 1-தான் கடைசிக் கட்டம். 2025 பிப்ரவரி 5-இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் புனித நீராடினார். அன்று டெல்லி சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு.

இந்த மூன்று தேதிகளையும் ஒரே பத்தியில் வைப்பது குற்றச்சாட்டு ஆகாது. 'வாக்காளர்களைக் கவர' என்று நீங்களே சேர்த்தால்தான் ஆகும். அப்படிச் சொல்ல எதிர்க்கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயரில் போடுங்கள். இது அவருடைய தனிப்பட்ட ஆன்மிகம் என்று கட்சி சொல்வதையும் போடுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 126, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் சம்பந்தமான காட்சிகளைத் தொலைக்காட்சி போன்றவற்றில் காட்டக்கூடாது என்கிறது. தியானம் அதில் வருமா என்பதுதான் தகராறு. சட்டப்பிரிவை எழுதி, தகராறை எழுதி, அதோடு விடுங்கள்.

படக்குறிப்புக்கு வருவோம். 'தனிமையில் தியானம்' என்று போடாதீர்கள். முன்னாலிருந்து ஒரு கோணம், பக்கவாட்டில் ஒரு கோணம், சூரியோதயத்தோடு ஒன்று என்று படங்கள் வந்திருக்கின்றன. எடுத்தவர்கள் அங்கே இருந்தார்கள்தானே? படம் அரசு தரப்பில் கொடுத்ததா, கட்சி கொடுத்ததா, ஏஜென்சி எடுத்ததா, நம் போட்டோகிராபர் எடுத்ததா என்பதை அடியில் போடுங்கள். நம் ஆளை உள்ளே விடவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம்.

இப்போது கூடுதலாக ஒரு தொல்லை, செயற்கை நுண்ணறிவுப் படங்கள். 2025 மே மாதம், போப் பிரான்சிஸ் இறந்து புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, டிரம்ப் தன்னையே போப் உடையில் காட்டும் படத்தைப் பதிவிட்டார். வெள்ளை மாளிகையின் கணக்கும் பகிர்ந்தது. அது செயற்கைப் படம் என்று எல்லோருக்கும் தெரிந்ததால் சிக்கல் இல்லை. நம்மூர் வாட்ஸாப் குழுவில் ஒரு தலைவர் சிலுவையோடோ விபூதிப் பட்டையோடோ நிற்கும் படம் வந்தால் தெரியுமா? கூகுள் லென்ஸில் போட்டுப் பழைய படம் ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். விரல்களையும் பின்னால் நிற்பவர்கள் முகத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். கோயில் தூண், கொடிமரம், பெயர்ப்பலகை எழுத்து ஆகியவற்றை அந்த ஊர் ஆளிடம் காட்டினால் உடனே சொல்லிவிடுவார். அனுப்பியவரிடம் 'நீங்களே எடுத்ததா?' என்று கேட்பதுதான் எல்லாவற்றிலும் வேகமான சோதனை. பாதிப் பேர் அத்தோடு காணாமல் போவார்கள்.

துண்டு வீடியோவும் அப்படித்தான். 2020 அக்டோபர் 30-இல் பசும்பொன்னில் கொடுத்த திருநீற்றை ஸ்டாலின் கீழே கொட்டிவிட்டார் என்று சில விநாடி வீடியோ சுற்றிச் சர்ச்சை ஆனது. இந்த மாதிரி நேரத்தில் முன்னும் பின்னும் உள்ள முழுப் பதிவு கிடைக்கும் வரை 'அவமதித்தார்' என்ற சொல் உங்கள் விசைப்பலகையில் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நோக்கத்தை எழுதாதீர்கள், பதிவேட்டைப் பாருங்கள்

2020 ஜூன் 1-இல் வாஷிங்டனில் டிரம்ப் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்கு முன் பைபிளைத் தூக்கிப் பிடித்து நின்றார். அதற்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்துப் பூங்காவிலிருந்து போராட்டக்காரர்களைப் போலீஸ் விரட்டியது. 'படம் எடுப்பதற்காக விரட்டினார்கள்' என்று உலகமே எழுதியது. ஓராண்டு கழித்து அமெரிக்க இன்டீரியர் துறையின் (பூங்காக்களும் பொது நிலங்களும் அதன் பொறுப்பு) கண்காணிப்பு அதிகாரி அறிக்கை, பூங்காப் போலீஸ் வேலி அமைக்கும் வேலைக்காகத்தான் இடத்தைக் காலி செய்தது என்றது. அறிக்கையை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் முதல் நாளே 'விரட்டினார்கள், அதன் பிறகு அவர் நடந்து வந்தார்' என்று எழுதியவருக்கு ஓராண்டு கழித்தும் திருத்தம் போட வேண்டியிருக்கவில்லை. 'அதற்காக' என்று எழுதியவர்களுக்கு வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் 2017 நவம்பர், குஜராத் தேர்தல் நேரம். சோம்நாத் கோயிலில் இந்து அல்லாதோர் பதிவேட்டில் ராகுல் காந்தி பெயர் இருந்தது என்று பெரிய கூச்சல். காங்கிரஸ், அதை ராகுல் எழுதவில்லை என்றது. அவர் பூணூல் அணிந்த இந்து என்றுகூட அதன் செய்தித் தொடர்பாளர் சொன்னார். வெளியான பக்கத்தின் படத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்தது: பெயர் 'ராகுல் காந்தி ஜி' என்று எழுதப்பட்டிருந்தது. தன் பெயருக்குத் தானே யாராவது ஜி போடுவார்களா? இது முடிவான சான்று இல்லைதான். ஆனால் இரண்டு கட்சிகளின் அறிக்கையையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்ததைவிட அந்த ஒற்றைச் சொல் வாசகருக்கு அதிகம் சொன்னது. காகிதம் எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். கோயில் பதிவேடு, ரசீது, அறநிலையத் துறை உத்தரவு, நிகழ்ச்சி நிரல், போலீஸ் பந்தோபஸ்து உத்தரவு எல்லாம் பேச்சைவிட உருப்படியானவை.

சட்டத்தைப் பற்றி நாலு வரி போதும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3), மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதையும் மதச் சின்னங்களைப் பயன்படுத்துவதையும் முறைகேடு என்கிறது. 2017 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றம் 4:3 என்ற கணக்கில், வேட்பாளரின் மதம் மட்டும் இல்லை, வாக்காளரின் மதமும் இதில் அடங்கும் என்றது. தேர்தல் நடத்தை விதிகள் கோயில், மசூதி, சர்ச் எதையும் பிரசார மேடையாக்கக் கூடாது என்கின்றன. இதனால் சாமி கும்பிடுவதே முறைகேடு என்று எழுதிவிடாதீர்கள். வாசலில் மைக் பிடித்தாரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

சடங்கின் சொற்கள்

நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சொற்கள் சரியாக இருக்க வேண்டும். பெருமாள் கோயிலில் தலையில் வைப்பது சடாரி, அதைக் 'கிரீடம் சூட்டினர்' என்று எழுதிய காப்பியை நானே வெட்டியிருக்கிறேன். திருமண்ணை விபூதி என்று எழுதினால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் காலை ஆறு மணிக்கே போன் போடுவார்கள். 2024 ஜனவரியில் அயோத்திக் கோயில் பிரதிஷ்டைக்கு முன் மோடி ஸ்ரீரங்கம், ராமேஸ்வரம் வந்தபோது பலர் அக்னி தீர்த்தத்தையும் 22 தீர்த்தங்களையும் ஒன்றாகக் குழப்பினார்கள். முன்னது கடல், பின்னது கோயிலுக்குள் இருக்கும் தீர்த்தங்கள். 'முதல் மரியாதை' என்ற சொல்லை மட்டும் மிகவும் யோசித்துப் போடுங்கள். பரிவட்டம் (மரியாதையாகத் தலையில் கட்டும் துணி) யாருக்கு முதலில் என்பதில் நீதிமன்றம் வரை போன ஊர்கள் உண்டு. நீங்கள் அலங்காரமாகப் போட்ட சொல் அங்கே ஒரு சாதிக்கு ஆதாரமாகிவிடும்.

பகுத்தறிவு பேசும் கட்சியின் தலைவர் குடும்பத்தில் ஒருவர் கோயிலுக்குப் போனால் ஆச்சரியக்குறியோடு தலைப்பு போடும் பழக்கம் நம் பத்திரிகைகளுக்கு இருக்கிறது. என் கருத்து: மனைவி சாமி கும்பிடுவது மனைவியின் விஷயம். அவருக்காகப் பொது வரிசையை நிறுத்தினார்களா, நடை சாத்தும் நேரத்தை மாற்றினார்களா என்றால் அது செய்தி. மற்றபடி அந்த ஆச்சரியக்குறி நிருபரின் அபிப்பிராயம்தான்.

இதிலிருந்து முக்கியமான இன்னொன்றுக்கு வருகிறேன். 1992 பிப்ரவரி 18, கும்பகோணம் மகாமகம். முதல்வர் ஜெயலலிதா குளத்துக்கு வந்து நீராடிய நாள். கூட்ட நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் செத்தார்கள். 2025 ஜனவரி 29, கும்பமேளாவில் மௌனி அமாவாசை. 30 பேர் இறந்ததாக உத்தரப் பிரதேச அரசு சொன்னது. இப்படிப்பட்ட கூட்டங்களில் தலைவரின் ஈரப் புடவையும் ருத்ராட்சமும் நல்ல படம் தரும், சந்தேகமே இல்லை. போட்டோகிராபர் அதை எடுக்கட்டும். நிருபர் கூட்டத்துக்குள் இருக்க வேண்டும். முக்கியஸ்தர்களுக்கு எத்தனை பாதை ஒதுக்கினார்கள், மக்களுக்கு வெளியேற எத்தனை பாதை, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை அடைத்தார்கள், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, தடுப்புக் கட்டைகள் எங்கே முடிகின்றன என்பதை விழாவுக்கு முந்தைய நாளே நடந்து பார்த்து வரைபடமாகப் போட்டுக்கொள்ளுங்கள். எதுவும் நடக்காவிட்டால் நல்லது, வரைபடம் அடுத்த விழாவுக்கு ஆகும்.

கட்அவுட், போஸ்டர் விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. தலைவரை அம்மனாகவும் மாதாவாகவும் கிருஷ்ணராகவும் வரைவது நமக்குப் புதிதில்லை. ஜெயலலிதாவை மாதாவாக வரைந்ததற்குக் கிறிஸ்தவர்கள் 90-களிலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போஸ்டரில் கீழே அச்சகத்தின் பெயர் இருக்கும், ஒட்டிய வட்டச் செயலாளரின் படம் ஸ்டாம்ப் அளவில் இருக்கும். அவரைக் கேளுங்கள், யார் பணம், தலைமைக்குத் தெரியுமா என்று. 'தலைவரைக் கடவுளாக்கிய கட்சி' என்று எழுதுவதற்குப் பதிலாக 'வட்டச் செயலாளர் ஒட்டிய போஸ்டர்' என்று எழுத முடியும். அதே படம் விளம்பரமாகப் பத்திரிகைக்கு வந்தால் மேலே 'விளம்பரம்' என்ற சொல் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கிறதா என்று டெஸ்க்கில் ஒருவர் பார்க்க வேண்டும். ராத்திரி ஷிப்டில் அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

வீடியோ செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. எழுத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பின்னணி இசையில் எல்லாம் கெட்டுவிடும். தலைவர் படியேறும்போது உடுக்கைச் சத்தத்தை ஏற்றினால் நீங்கள் அவரைச் சாமியாக்குகிறீர்கள். வில்லன் இசையைப் போட்டால் நாடகக்காரர் ஆக்குகிறீர்கள். எடிட்டர் 'ஃபீல் வேணும்க்கா' என்பார். கோயில் மணி, செருப்புச் சத்தம், 'தள்ளு தள்ளு' என்று போலீஸ்காரர் அதட்டுவது என்று கேமரா மைக்கில் விழுந்ததை அப்படியே விடச் சொல்லுங்கள். ஸ்லோமோஷன் வேண்டாம். தம்ப்நெயிலில் சிவப்பு வட்டம் வேண்டவே வேண்டாம். விளக்கப் பகுதியில் படம் யார் கொடுத்தது, எப்போது எடுத்தது என்று எழுதிவிட்டு வெளியிடுங்கள்.